ஃபமிலியாரிட்டி: ஒரு சொல்லுக்குள் ஒரு வீடு

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. ஃபமிலியாரிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘பரிச்சயம்’ என்று இருக்கிறது. வேலை விளம்பரத்தில் ‘இந்த மென்பொருளில் ஃபமிலியாரிட்டி தேவை’ என்று வந்தால் அந்தப் பொருள் சரியாக உட்காருகிறது. ஆனால் அவர் படித்த ஒரு கதையில், புதிதாக வந்த மேலாளர் காட்டிய ஃபமிலியாரிட்டி அவளுக்கு எரிச்சலாக இருந்தது என்று வருகிறது. பரிச்சயம் எதற்கு எரிச்சலூட்ட வேண்டும்? அதே கதையில், முன்பின் பார்த்தேயிராத ஊரில் வந்து இறங்குகிற ஒருவன் அந்தத் தெருவில் ஏதோ ஒரு ஃபமிலியாரிட்டியை உணர்கிறான். பார்க்காத ஊரில் என்ன பரிச்சயம்? இது ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

ஒரே சொல்தான். அகராதி பொய் சொல்லவில்லை. பாதியில் எழுந்து போய்விட்டது.

அகராதி விட்ட இடத்திலிருந்து தொடர, சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். இதன் வேர் லத்தீன் மொழியின் ஃபமிலியா. இன்று ஃபேமிலி என்றதும் பெற்றோரும் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பழைய ரோமானியர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு சிறியதில்லை. ஃபமுலுஸ் என்றால் வீட்டு அடிமை, ஏவலாள். ஃபமிலியா என்பது ஒரு வீட்டுத் தலைவனின் அதிகாரத்துக்குக் கீழே இருந்த அத்தனை பேரும், அடிமைகள் உட்பட. ஆக, அந்தச் சொல் ரத்த உறவை மட்டும் குறிக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களைக் குறித்தது. அதிலிருந்து ஃபமிலியாரிஸ், ‘வீட்டைச் சேர்ந்த’. அதிலிருந்து ஃபமிலியாரிடாஸ். அது பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது மனிதர்களுக்கு இடையிலான நெருக்கத்தைத்தான் சுமந்து வந்தது. ஒரு துறையிலோ கருவியிலோ உள்ள பழக்கம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வேலை விளம்பரத்தில் நாம் பார்ப்பது கடைக்குட்டி. கதையில் அந்தப் பெண்ணை எரிச்சலூட்டியதுதான் மூத்த பிள்ளை.

வீடு என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு வீட்டில் வாழ்பவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். விளக்கு அணைந்தாலும் சுவரில் இடிக்காமல் நடப்பார். அங்கே அவருக்கு அந்நியம் தோன்றாது. அதோடு யாரையும் கேட்காமல் ஒரு கதவைத் திறக்கிற உரிமையும் அவருக்கு உண்டு. தெரிவது, அந்நியம் தோன்றாதது, உரிமை எடுப்பது, இந்த மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது.

தமிழ் இதே மூட்டையை வேறு மாதிரி கட்டுகிறது. நம்முடைய சொற்கள் வீட்டிலிருந்து வரவில்லை; காலத்திலிருந்து வருகின்றன. பழைய, பழமை, பழகு, பழக்கம், பழகியவர் என்ற வரிசையைப் பாருங்கள். ஒருவரோடு நாள் கழிந்தால் ‘பழக்கம்’. கையும் நாக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவும் பழக்கம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். காட்டு யானை மனிதனுக்கு அடங்கினால் ‘பழகிய யானை’. ஒரு சின்னச் சங்கடம், ‘கெட்ட பழக்கம்’ என்பதும் இதே சொல்தான். அதனால் ஆங்கிலக் கட்டுரையில் ஃபமிலியாரிட்டி வரும் இடமெல்லாம் பழக்கம் என்று போட்டால் சில இடங்களில் வாசகர் வேறெதையோ நினைப்பார். அகராதிக்காரர்கள் பரிச்சயம் என்ற வடசொல்லுக்கு ஓடியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வேலை விளம்பரத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம், அதில் சிக்கல் குறைவு. ஒன்றில் ஃபமிலியாரிட்டி இருக்கிறது என்றால் அது உங்களுக்குப் புதிதில்லை, திறந்து வைத்தால் திகைக்க மாட்டீர்கள் என்று பொருள். அதற்கு மேல் எதையும் அது உறுதி சொல்லவில்லை. தமிழில் படிகளை வைத்துச் சொன்னால், ‘கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்பதற்கு மேலே, ‘தேர்ச்சி’ என்பதற்குக் கீழே, ‘அத்துப்படி’ என்பதற்கு வெகு கீழே. விளம்பரத்தில் ஃபமிலியாரிட்டி போதும் என்று இருந்தால் வேலைக்கு எடுப்பவர் கொஞ்சம் இறங்கி வருகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பிப்பவர் தன் திறமையாக இதே சொல்லை எழுதினால் கொஞ்சம் பின்வாங்குகிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு இந்தச் சொல்லைப் போட்டு நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: ‘ஐ ஹேவ் ஃபமிலியாரிட்டி வித்’ என்று பேச்சில் சொன்னால் விறைப்பாக இருக்கும். வாயால் சொல்லும்போது ‘ஐ ஆம் ஃபமிலியர் வித்’ போதும்.

அந்த ‘வித்’ முக்கியம். தமிழர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நாம் ‘எனக்கு அந்த மென்பொருள் பழக்கம்’ என்கிறோம். அந்த ‘எனக்கு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ என்று வந்து நிற்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஆள் எழுவாயாக இருந்தால் ‘வித்’, பொருள் எழுவாயாக இருந்தால்தான் ‘டு’. அந்தப் பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டு என்றால், பாட்டு ‘ஃபமிலியர் டு மீ’. நான் அந்தப் பாட்டை அறிந்தவன் என்றால், நான் ‘ஃபமிலியர் வித்’ அந்தப் பாட்டு. இரண்டையும் மாற்றி ‘ஐ ஆம் ஃபமிலியர் டு திஸ் சாஃப்ட்வேர்’ என்று எழுதினால், அந்த மென்பொருளுக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று ஆகிவிடும். இந்தக் காலத்தில் அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் நேர்காணலில் சொல்ல வந்தது அதுவல்ல.

உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஃபேமிலி என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஃபமிலியர் என்பதில் இரண்டாவதில். ஃபமிலியாரிட்டி என்பதில் நான்காவதில், அதாவது ‘யா’ என்று நாம் எழுதும் இடத்தில். சொல் நீள நீள அழுத்தம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. அதனால் முதல் அசை வலுவிழந்து ‘ஃப’ என்று சுருங்கிவிடும். ‘ஃபேமிலியாரிட்டி’ என்று இழுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போது பலர் ‘எல்’லுக்குப் பின்னால் வரும் ‘ஐ’யை விழுங்கிவிடுகிறார்கள். சிமிலாரிட்டி என்ற சொல்லில் அந்த இடத்தில் ‘ஐ’ கிடையாது, அந்தப் பழக்கதோஷம்தான். சிமிலாரிட்டி என்றால் ஒப்புமை. ஒலி நெருங்கியிருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

இனி அந்த மேலாளர்.

அவர் வந்த முதல் நாளே அவளைச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார். மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். வீட்டில் யார் யார் என்று விசாரித்திருப்பார். இவை எல்லாமே ஒரு நெருங்கிய நண்பர் செய்தால் இனிக்கும். வீட்டாள் இல்லாத ஒருவர் வீட்டாள் போல நடந்துகொள்வதுதான் இங்கே ஃபமிலியாரிட்டி. ‘மேலாளரின் பரிச்சயம் அவளுக்கு எரிச்சலூட்டியது’ என்று எழுதினால் தமிழில் அது ஒன்றும் சொல்லாது. ‘மேலாளர் எடுத்துக்கொண்ட உரிமை அவளுக்குப் பிடிக்கவில்லை’ என்றால் ஒரு நொடியில் புரியும். ‘ரொம்ப உரிமை எடுத்துக்கறார்’ என்று நாம் முகம் சுளித்துச் சொல்வதுதான் ஓவர் ஃபமிலியர் என்பதன் பொருள். நடுநிலையான அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில், ஒரு பாத்திரம் ‘ஃபமிலியாரிட்டியோடு’ பேசியது என்ற வாக்கியத்தை, ‘பரிச்சயமான குரலில் பேசினான்’ என்று தமிழாக்கினேன். படித்துப் பார்த்த ஒரு மூத்தவர், ‘இவனை அவள் முன்பே எங்கே சந்தித்தாள்? அந்த அத்தியாயம் விட்டுப்போச்சா?’ என்று கேட்டார். மூலத்தில் அவர்கள் சந்திப்பது அதுவே முதல் தடவை. அவன் அவளிடம் உரிமை எடுத்துக்கொண்டு பேசுகிறான், தமிழில் என்றால் ஒருமையில் பேசுகிறான், அவ்வளவுதான் விஷயம்.

ஒருமையில் பேசுவது என்றதும் ஆங்கிலத்தின் ஒரு பழைய இழப்பைச் சொல்லாமல் போக முடியாது. பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ என்றும் ஜெர்மனில் ‘டு’, ‘ஸீ’ என்றும் இரண்டு முன்னிலைகள் உண்டு, நம்முடைய நீ, நீங்கள் போல. இலக்கண நூல்கள் முதலாவதை ஃபமிலியர் ஃபார்ம் என்றே அழைக்கின்றன: வீட்டாளிடம் பேசும் வடிவம். ஆங்கிலத்திலும் ‘தவ்’ என்று ஒரு நீ இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப்பேச்சிலிருந்து அது பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. அந்த நூற்றாண்டில்தான் குவேக்கர் சமயத்தார் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்காமல் எல்லோரையும் ‘தவ்’ என்று அழைத்து வம்பில் மாட்டினார்கள். அவர்கள் சொல்ல வந்தது எல்லோரும் சமம் என்பது. கேட்ட கனவான்களின் காதில் விழுந்தது, ‘இவன் யார் என்னை நீ என்பதற்கு?’ என்பது. இப்போது ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அதனால் நெருக்கத்தையும் அத்துமீறலையும் பிரதிப்பெயரில் காட்ட வழியில்லை. தொனியிலும் முதற்பெயரிலும் தோளில் விழும் கையிலும்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கதைகளில் ‘அவன் தொனியில் இருந்த ஃபமிலியாரிட்டி’ என்று விளக்கி எழுதுகிற இடத்தில், தமிழ் எழுத்தாளருக்கு ஒரு ‘நீ’ போதும். மொழிபெயர்ப்பவர் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இந்தச் சொல்லுக்குப் பன்மையும் உண்டு, ஃபமிலியாரிட்டீஸ். வழக்கமாகப் பன்மை ஏற்காத பண்புப்பெயர் பன்மையில் வந்தால் உஷாராகிவிடுங்கள். அது செயல்களைக் குறிக்கிறது, பெரும்பாலும் வேண்டாத செயல்களை: தொட்டுப் பேசுவது, சீண்டுவது, வரம்பு தாண்டுவது. பழைய ஆங்கில நாவல்களில் ஒரு பெண்ணிடம் ஒருவன் ஃபமிலியாரிட்டீஸ் காட்டினான் என்றால், இன்று நேராகப் பாலியல் சீண்டல் என்று சொல்வதை அன்று மூடி மறைத்துச் சொன்னதாகவும் இருக்கலாம்.

ஆனால் உரிமை எடுப்பதை ஆங்கிலம் பார்ப்பது போலச் சந்தேகக் கண்ணோடு தமிழ் எப்போதும் பார்த்ததில்லை. திருக்குறளில் 81ஆவது அதிகாரத்தின் பெயர் பழைமை. ஜி. யு. போப் அதற்கு ஆங்கிலத்தில் கொடுத்த தலைப்பு எது தெரியுமா? ஃபமிலியாரிட்டி. நல்ல தேர்வு என்பேன். காரணம், அந்தப் பத்துக் குறளும் பேசுவது வெறும் பழைய நட்பைப் பற்றி இல்லை. பழைய நண்பர் நம்மைக் கேட்காமல் உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால் நாம் என்ன செய்வது என்பதைப் பற்றி. அதற்கு வள்ளுவர் கையாளும் சொல் கெழுதகைமை.

நட்பிற் குறுப்புக் கெழுதகைமை மற்றதற்கு
உப்பாதல் சான்றோர் கடன்.

நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமை நட்பின் உறுப்பு. அதற்கு இனியவராக, உப்பைப் போல இசைந்துபோவது சான்றோர் கடமை என்கிறார். அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நண்பர் உரிமையோடு செய்ததைத் தானே செய்ததுபோல ஏற்காவிட்டால், பழகிய நட்பினால் என்ன பயன்? அதற்கும் அடுத்தது, கேளாமலே நண்பர் ஒன்றைச் செய்தால் அறிவுடையோர் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறது. ஒரே செயல்தான். பழைமை இருக்கிற இடத்தில் அது கெழுதகைமை. பழைமை இல்லாத இடத்தில், அந்த மேலாளரைப் போல, அத்துமீறல். இடையில் இருப்பது காலம் மட்டுமே. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, எது எது என்பதைச் சூழலிடம் விட்டுவிடுகிறது. கெழுதகைமை இன்று புழக்கத்தில் இல்லை. கவிதை மொழிபெயர்ப்பில் தவிர வேறெங்கும் அதைப் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு சொல் இருந்தது என்று தெரிந்திருந்தால் ஃபமிலியாரிட்டியின் நடுப்பொருள் கைக்கு எட்டிவிடும்.

இதே வரிசையில்தான் அந்தப் புகழ்பெற்ற பழமொழி வருகிறது, ‘ஃபமிலியாரிட்டி பிரீட்ஸ் கன்டெம்ப்ட்’. பள்ளியில் இதற்கு ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்று எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். அருகில் போகிறது, ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. பால் புளிப்பதில் இருப்பது சலிப்பு. கன்டெம்ப்ட் என்பது இளக்காரம். அந்த ஆங்கிலப் பழமொழி பெரும்பாலும் சொல்லப்படுவது, மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் அளவுக்கு மீறி நெருங்கினால் மதிப்புப் போய்விடும் என்ற எச்சரிக்கையாகத்தான். அந்த இடத்துக்கு ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்பது சில சமயம் இன்னும் கிட்டே வரும். ஈசாப் கதை ஒன்றில் சிங்கத்தை முதல் முறை பார்த்த நரி நடுங்கிச் சாகப் பார்க்கிறது. இரண்டாம் முறை பயம் குறைகிறது. மூன்றாம் முறை கிட்டே போய்ப் பேச்சுக் கொடுக்கிறது. இந்தப் பழமொழியை அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நரிக்கு வந்தது இளக்காரமா துணிச்சலா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இதே கருத்தை எழுதியபோது ஃபமிலியாரிட்டி என்று எழுதவில்லை. மிதமிஞ்சிய ‘ஹோம்லினெஸ்’ மதிப்பைக் குறைக்கும் என்று எழுதினார். ஹோம், அதாவது வீடு. லத்தீன் வேரை ஒதுக்கிவிட்டு உள்நாட்டுச் சொல்லைத் தேடினாலும் அவர் வந்து நின்றது அதே வாசற்படியில்தான்.

மூன்றாவது, முன்பின் பார்க்காத தெருவில் நின்ற அந்த மனிதன். இங்கே ஃபமிலியாரிட்டி என்பது ஒரு செய்தியோ நடத்தையோ இல்லை, ஓர் உணர்வு. ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே’ என்று நாம் சொல்கிற அதே உணர்வு. உளவியலாளர்கள் இதைத் தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஒன்றை அடையாளம் காணும்போது இரண்டு காரியம் நடக்கிறது என்பது ஒரு முக்கியமான கொள்கை: ஒன்று, எங்கே எப்போது பார்த்தோம் என்று நினைவுகூர்வது, மற்றது, தெரிந்தது என்ற வெறும் உணர்வு. பின்னதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஃபமிலியாரிட்டி. ஜார்ஜ் மேண்ட்லர் 1980இல் கொடுத்த உதாரணம் பிரபலமானது. பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறோம். நிச்சயமாகத் தெரிந்த முகம். யார் என்று தெரியவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டபின், கடையில் இறைச்சி வெட்டித் தருபவர் என்று பிடிபடுகிறது. கடைக்கு வெளியே அவரைப் பார்த்ததே இல்லை என்பதால் உணர்வு மட்டும் வந்தது, விவரம் வரவில்லை.

இரண்டும் பிரியலாம் என்பதால்தான் பார்க்காத இடமும் பார்த்ததுபோலத் தோன்ற முடிகிறது. பிரெஞ்சுச் சொல்லால் இதை ‘தேஜா வூ’ என்கிறார்கள், ‘ஏற்கெனவே பார்த்தது’. எதிர்த் திசையிலும் பிரியலாம், அது இன்னும் விசித்திரமானது. 1923இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராவும் அவருடைய சகாவும் விவரித்த ஒரு நிலையில், நோயாளி தன் நெருங்கிய உறவினரைப் பார்க்கிறார்; மூக்கும் முழியும் எல்லாம் அவரே; ஆனாலும் இது அவரில்லை, அவரைப் போல வேடமிட்ட யாரோ என்று உறுதியாகச் சொல்கிறார். முகத்தை மூளை சரியாகவே அடையாளம் காண்கிறது, அதோடு ஒட்டி வர வேண்டிய ‘நம்மவர்’ என்ற உணர்வு வரவில்லை என்பது பிற்காலத்தில் தரப்பட்ட ஒரு விளக்கம். குழந்தைக்கு வேற்றுமுகம் என்கிறோமே, இங்கே சொந்த முகமே வேற்றுமுகமாகிவிடுகிறது.

இந்த உணர்வு நம்மைக் கேட்காமலே விருப்பத்தையும் இழுத்துவருகிறது. ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்து போன்ற வடிவங்களையும் புகைப்பட முகங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 25 முறை வரை. அதிக முறை கண்ணில் பட்டவற்றை அவர்கள் நல்லவை என்றும் பிடித்தவை என்றும் மதிப்பிட்டார்கள். பாலும் புளிக்கும் என்ற பழமொழிக்கு நேர் எதிர். 1977இல் வந்த இன்னோர் ஆய்வு, திரும்பத் திரும்பக் காதில் விழும் கூற்றை மக்கள் கூடுதலாக உண்மை என்று நம்புவதைக் காட்டியது. இந்தப் பொருளில் வரும் ஃபமிலியாரிட்டிக்குப் ‘பரிச்சய உணர்வு’ என்று போடலாம். உணர்வு என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் மறுபடி வேலை விளம்பரத்துக்கே போய்விடுவோம்.

வழியில் இடறக்கூடிய இரண்டை மட்டும் சொல்கிறேன். பழைய இங்கிலாந்தின் சூனியக்கார வழக்குகளைப் பற்றிப் படித்தால் ஃபமிலியர் என்பது பெயர்ச்சொல்லாக வரும். அங்கே அது சூனியக்காரிக்கு ஏவல் செய்வதாக நம்பப்பட்ட பூனை, தேரை போன்ற உருவில் வரும் ஆவி. ஃபமுலுஸ் என்ற ஏவலாள் பல நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது. ஸ்பானிய மொழியில் இதே எழுத்துக்கூட்டலோடு வரும் சொல்லுக்குக் குடும்பம் சார்ந்த, உறவினர் என்றும் பொருள் உண்டு.

கேட்டவருக்கு அந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் கொடுத்துவிடுகிறேன். ‘வந்த அன்றைக்கே அவர் எடுத்துக்கொண்ட உரிமை அவளுக்கு எரிச்சலாக இருந்தது.’ ‘அந்தத் தெருவை அவன் பார்த்ததே இல்லை, ஆனாலும் எப்போதோ நடந்த தெருவாக இருந்தது.’ இரண்டாவதில் பரிச்சயம் என்ற சொல்லே வரவில்லை என்று கவனித்திருப்பீர்கள். தேடிப் பார்த்தேன், தேவைப்படவில்லை.